இரண்டு பள்ளத்தாக்கு, ஒரு நாற்காலி

1.

எலினெட் மேசைமேல் சாய்ந்து தேர்தல் அதிகாரியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது எண்ணிக்கை. இதுவும் சமமாக முடிந்தால் குலுக்கல். குலுக்கலில் அவள் தோற்றால் மேல் பள்ளத்தாக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு.

(ஆட்டுச் சந்தையில், ஏலத்துக்கு நடுவே என் காதில் விழுந்த கதை இது. 'மலைச்சரிவில் மழை' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். வேல்ஸில் மழை பெய்ததை எழுதி யாரை மிரட்ட?)

2.

தலைநகரில் யாரோ வரைபடத்தில் ஓர் எல்லைக்கோட்டை அழித்தார்கள். மேல் பள்ளத்தாக்கு வட்டமும் கீழ்ப் பள்ளத்தாக்கு வட்டமும் ஒன்றாயின. இரண்டு கவுன்சிலர் நாற்காலி ஒன்றாயிற்று. மேலே எலினெட், கீழே இட்வல். இருவருமே எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஜெயித்து வந்தவர்கள். ஓட்டுக் கேட்கத் தெரியாது. எலினெட் வீடு வீடாகப் போனாள், டீ குடித்தாள், ஆடுகளை விசாரித்தாள், ஓட்டைப் பற்றி வாயே திறக்காமல் திரும்பினாள். தனக்கென்று கேட்பது அங்கே அநாகரிகம்.

இட்வல் வில்லன். அவன் கண்களில் ஒரு

(வேண்டாம். வில்லனென்றால் பழக்கதோஷத்தில் கறுப்புக் கார் கொடுத்திருப்பேன். இவனிடம் இருப்பது நாய்முடி அப்பிய பழைய ஜீப்.) தேர்தலன்று எலினெட்டின் வண்டி கிளம்பாதபோது, அந்த ஜீப்பில்தான் அவளை வாக்குச்சாவடிக்கு ஏற்றிப் போனான்.

"எதிரியை நீயே கூட்டிட்டுப் போறியே, கூச்சமா இல்ல?"

"மழையில நடக்க விட்டேன்னு ஞாயித்துக்கிழமை சேப்பலுக்கு ஜெபம் பண்ண வர்ற கூட்டம் பூரா பேசும். அதுக்கு உன் ஒரு ஓட்டு பரவாயில்ல."

"பள்ளிக்கூடத்தை மூடலைன்னா பெருமையாவே பேசுவாங்க."

"பத்துப் பிள்ளைங்க கூட இல்ல, எலினெட். கீழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸுதான் விடறேங்கறேனே."

"பனி விழுந்தா உன் பஸ் எங்க மேட்டுல ஏறுமா?"

இட்வல் கியரை மாற்றினான். பேச்சை மாற்றத் தெரியவில்லை.

3.

மூன்றாவது எண்ணிக்கையும் சமம். அதிகாரி இரண்டு சீட்டுகளை மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டார்.

"நீ யாருக்குப் போட்டே?" என்றாள் எலினெட், மெதுவாக.

"எனக்குத்தான். பின்னே? போட்டியிடற ஆளே போடலைன்னா மத்தவன் ஏன் போடணும்?"

எலினெட்டின் முகம் வெளுத்தது.

முடிவு அ: அவள் பெயர் வருகிறது, பள்ளி மணி அடிக்கிறது. முடிவு ஆ: அவன் பெயர், பனிக்காலம் வருகிறது, பஸ் பாதி மேட்டில் [முடிக்க மனமில்லை]. எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவுக்குள் நான் கைவிட மாட்டேன்.

சந்தையில் கேட்ட ஒரு விஷயத்தை மட்டும் இவ்வளவு நேரம் ஒளித்து வைத்திருந்தேன். சாவடியில் பென்சிலைக் கையில் எடுத்தபோது, தன் பெயருக்கு எதிரே தானே பெருக்கல் குறி போட எலினெட்டுக்குக் கை வரவில்லை. அதுவும் ஒருத்தன் ஜீப்பில் ஓசியில் வந்து இறங்கிவிட்டு.

அவள் இட்வலுக்குப் போட்டிருந்தாள்.