பத்து இல்லை

யூதர்களான எங்கள் ஆட்கள் மனிதர்களை எண்ண மாட்டார்கள். எண்ணினால் கண் பட்டுவிடும். ஆனால் பத்து ஆண்கள் கூடாமல் இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்லவும் கூடாது. அதனால் எங்கள் ஊர் பொத்தோஷானின் ஜெபக்கூடத்தில் ஹெர்ஷ்கு கிழவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல" என்று எண்ணுவார். கெட்ட கண்ணை ஏமாற்றுகிறாராம்.

பல வருடம் அந்த எண்ணிக்கை என் அண்ணன் பெர்குவில்தான் முடிந்தது. எல்லாரும் வந்த பிறகு, மீன் பிடிக்கப் போன பூட்ஸைக்கூடக் கழற்றாமல், மூச்சிரைக்க வந்து நிற்பான். "பத்து இல்ல! வந்துட்டான்யா சோம்பேறி" என்பார் ஹெர்ஷ்கு. அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பான். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான்.

முதல் வருட நினைவு நாளுக்கு அவன் மகன் தானி ஹைஃபாவிலிருந்து வருவதாக இருந்தது. பிரார்த்தனை சொல்ல வேண்டியவனும் அவன்தான், பத்தாவது ஆளும் அவன்தான். முந்தின நாள் போன் செய்தான்.

"லீவு கெடைக்கல அத்தை."

"உங்கப்பாவுக்குடா! சரி, அங்கயாவது ஜெபக்கூடத்துக்குப் போய்ச் சொல்லிடு."

"நான் எங்க அத்தை அங்கெல்லாம் போறேன்? இங்க எல்லாருமே யூதங்கதான். யாரும் மெனக்கெட்டு யூதனா இருக்க வேண்டியதில்ல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருடம் இந்த ஊருக்கு மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கும் சாலி என்று என் பெயரைச் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, 'அந்த யூதச்சி' என்றால்தான் தெரியும். அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? நன்றாக இருக்கட்டும் என்று பெட்டி கட்டி அனுப்பிவைத்ததே நாங்கள்தான்.

காலையில் தேன் கேக்கை எடுத்துக்கொண்டு பனியில் நடந்தேன். பெரிய கூடத்தைச் சூடாக்கக் கட்டுப்படியாகாது என்று சின்ன அறையில்தான் எல்லாரும். பெண்களில் நான் ஒருத்திதான் மிச்சம். வழக்கம்போல அடுப்போரம் உட்கார்ந்தேன்.

"எங்க உன் மருமகன்?" என்றார் ஹெர்ஷ்கு.

"வரல அண்ணே."

"அப்பன் லேட்டாவாவது வருவான். புள்ள வரவே மாட்டேங்கிறான்."

எண்ண ஆரம்பித்தார். யூலியனைப் பார்த்து "எட்டு இல்ல" என்றார். அவனுடைய அம்மா நம்மவள் இல்லை; தாய் யூதச்சியாக இருந்தால்தான் பிள்ளை கணக்கில் சேரும். அவனை விட்டால் ஒன்பது பேர்தான் என்று ஆன வருடத்திலிருந்து ஹெர்ஷ்கு அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. கடைசியாகத் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, "ஒம்பது இல்ல."

அண்ணனுக்கு ஒரு ஆமென்கூடக் கிடைக்கப் போவதில்லை. கேக்கை மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டை மாட்டினேன்.

ஹெர்ஷ்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடமாக அந்தப் பார்வை எண்ணும்போது என்னைத் தாண்டித்தான் போகும். இன்று நின்றது.

"பத்து இல்ல" என்றார்.

"அதான் தெரியுதே அண்ணே. நான் கெளம்புறேன்."

"எங்க கெளம்புற? உன்னையத்தான் எண்ணிட்டேன். கோட்டைக் கழட்டு. நீயே சொல்லு."

கேட்டுக் கேட்டே மனப்பாடமான வார்த்தைகள். முதல் வரியில் குரல் உடைந்தது. ஒன்பது கிழட்டுக் குரல்கள் ஆமென் சொல்லி என்னைத் தூக்கி நிறுத்தின. பெர்கு, உன் இடத்தில் நான் நிற்கிறேன், கேட்கிறதா என்று மனதுக்குள் கத்தினேன்.

கிளம்பும்போது ஹெர்ஷ்கு வாசல்வரை வந்தார். "ஹைஃபாவுல இருக்கவன்கிட்ட மூச்சு விடாத. அங்க வேதம் படிச்சவங்க ஜாஸ்தி. செல்லாதும்பாங்க."

வீட்டில் அண்ணனுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தி மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மத்தியானம் தானி கூப்பிட்டான்.

"பத்து பேர் வந்தாங்களா அத்தை?"

"பத்து இல்ல" என்றேன்.

"என்னாலதான். மன்னிச்சுக்க அத்தை" என்றான். நிஜமாகவே வருத்தப்பட்டான். விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரிக்க எனக்கு ஒருத்தன்தான் இருந்தான். அவனுக்காகத்தான் காலையில் என்னை எண்ணினார்கள்.