கடைசி அடுப்பு

செண்பகவல்லி முந்தின நாளே போட்டுவைத்த செங்கற்களை யாரோ தூக்கித் தெருக்கோடியில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் எறிந்திருந்தார்கள். பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்து அம்மனுக்குப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலைக்கு வருஷக்கணக்காக அவள் அடுப்பு கூட்டுகிற இடம் ஸ்ரீலக்ஷ்மியின் வாசல்தான். இப்போது அங்கே வேறொருத்தியின் பானை.

யாரோ என்ன யாரோ! தெருச் சங்கத்துச் செயலாளர் ஸ்ரீலக்ஷ்மியேதான். சாலைக் கடைவீதியில் துணிக்கடை வேலைக்குப் போகும் செண்பகவல்லி, போன மாதம் சபீனாவின் வானொலி நிகழ்ச்சியில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னாள். குரலை மாற்றட்டுமா என்று சபீனா கேட்டதற்கு, "நான் என்ன களவாண்டேனா?" என்று சொந்தப் பேரோடு பேசினாள். அதைக் கேட்டு எத்தனை பேர் போனில் கூப்பிட்டார்கள்! வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை விழுங்கியவர்கள், தம்பானூரில் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக நடக்கும், அவளும் போகும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குத் தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தார்கள். அவள் தெருக்காரர்கள் மட்டும் வாயே திறக்கவில்லை. செங்கல்லைத் தூக்கினார்கள்.

"வேற ஒண்ணும் இல்ல செண்பகம். ஆளுகளுக்குப் பேடி, ஒரு பயம், அதான்" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"தீயில வேகாத கிருமி ஏதுக்கா? மாத்திரை தின்னு தின்னு ரத்தத்துலயே அது தட்டுப்படலன்னு டாக்டரு சொல்லியாச்சு. ஒங்க பேடிக்கு நான் எந்த ஆஸ்பத்திரியில மருந்து வாங்க?"

ஸ்ரீலக்ஷ்மி தன் வாசலுக்கு நடந்தாள்.  செண்பகவல்லி வீட்டுக்குப் போகவில்லை. குப்பைத்தொட்டிக்குப் பக்கத்திலேயே கல்லைக் கூட்டிப் பானையை வைத்தாள்.

அவளைக் கடைசிக்குத் தள்ளிய புத்திசாலிகள் ஒன்றை மறந்துவிட்டார்கள். பொங்காலைக்கு ஏது கடைசி? விடியற்காலைப் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்திறங்கிய பெண்கள் அவளுக்குப் பின்னால் அடுப்பு வைத்துக்கொண்டே போனார்கள். வரிசை மூலை திரும்பிப் பெரிய ரோட்டுக்கே போய்விட்டது. கோயிலில் மூட்டுகிற தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறித்தான் வரும். அத்தனை பேருக்கும் இனி செண்பகவல்லியின் அடுப்பிலிருந்துதான் தீ!

அது உறைத்ததும் ஸ்ரீலக்ஷ்மி ஓடிவந்தாள். "நீ செத்த ஒதுங்கிக்கோ. ஒன்னைத் தாண்டி நான் குடுத்துடறேன்."

அந்த நேரம் பார்த்து மைக்கோடு வந்து நின்றாள் சபீனா. நேரடி ஒலிபரப்பு. ஸ்ரீலக்ஷ்மி சட்டென்று புடவையைச் சரிசெய்துகொண்டு, "பொங்காலையில ஜாதியில்ல, மதமில்ல. எல்லாரும் ஒண்ணு" என்றாள்.

அடி பாதகத்தி! செண்பகவல்லி மைக்கை வாங்கினாள். "எல்லாரும் ஒண்ணுன்னா என் கல்லு எப்படிக் குப்பைக்குப் போச்சு?" பிறகு பின்வரிசையைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கிடுங்க. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ஒங்களுக்கு என் அடுப்புலருந்துதான் தீ வரணும். வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க."

ஒருத்தி கல்லைத் தூக்கினால் போதும், எல்லோரும் தூக்குவார்கள். 

தீ கைமாறி வர வரப் பெண்கள் எழுப்பும் குலவை ஒலி தெருவுக்குள் வந்தது. முன்னடுப்புக்காரி எரியும் ஓலையை அவள் கையில் தரவில்லை, தரையில் போட்டாள். செண்பகவல்லி குனிந்து அதை எடுத்து அடுப்பு மூட்டினாள். விறகு பற்றியது. அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"அதொக்கெ கேட்டு" என்றாள் நெடுமங்காட்டிலிருந்து வந்த ஒரு தடித்த பெண், எல்லாம் கேட்டாச்சு, போதும் என்கிற எரிச்சலில். "வெயில் ஏறுந்நு மோளே. தீ தா!"

அவள் நீட்டிய காய்ந்த ஓலைக்குப் பின்னால் இன்னொரு ஓலை நீண்டது. அதற்கும் பின்னால் இன்னொன்று.