நூல் அறுந்த பாம்பு

டியூப் மாஸ்டருக்குப் பாம்பு என்றால் பயம். படத்தில் பார்த்தாலே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிற ரகம். அப்படிப்பட்டவருக்கு ஒரு சின்ன சினிமாப் படத்தில் வாய்த்த வேலை, கிரேக்கப் புராணத்துப் பாம்புத்தலைக்காரிக்குக் கூந்தல் செய்வது.

பழைய மோட்டார் சைக்கிள் டியூப்களைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி, பச்சை பெயின்ட் அடித்து, ஒரு ஹெல்மெட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் வாயிலும் நைலான் நூல் கட்டியிருந்தார். பரணில் படுத்திருக்கும் நூல்காரர் இழுத்தால் பாம்புகள் நெளியும். அச்சு அசலாக வந்துவிட்டதுதான் வினை. அன்றிலிருந்து அதைத் தொடும்போதெல்லாம் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் நடிக்க வந்த பெண் கழுத்து வலி என்று மூன்றாம் நாளே கும்பிடு போட்டுவிட்டாள். "ரப்பர்தானேம்மா, கடிக்கவா போகுது?" என்று சொல்லித் தன் தங்கையைக் கூட்டிவந்து நிறுத்தியவர் மாஸ்டர்தான்.

"நீயே கண்ணை மூடிக்கிட்டுத்தான் தொடுற. நான் தலையில வச்சுக்கணுமா?" என்றாள் தங்கை.

"பயமில்லம்மா. ஒரு மரியாதைதான்."

"யாருக்கு, டியூபுக்கா?"

பாம்புத்தலைக்காரி பார்த்தால் வீரர்கள் கல்லாக வேண்டும். சிலை செய்ய இந்தப் படத்துக்கு ஏது வசதி? அதனால் டைரக்டர் ஒரு வழி வைத்திருந்தார். "கல்லு!" என்றால் தங்கை உட்பட எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தபடி உறைய வேண்டும். கேமரா நிற்கும். ஒரே ஒரு ஆள் உள்ளே போய் வீரர்கள்மேல் சாம்பல் தட்டிவிட்டு வருவார். கேமரா மறுபடி ஓடும். திரையில் வீரர்கள் நொடியில் சிலை. "உசுரு!" என்றால்தான் அசையலாம். கல்லு சொன்ன வாயே உசுரும் சொல்ல வேண்டும் என்பது சட்டம். பத்து நாளில் அது எல்லார் உடம்பிலும் ஊறி, சாப்பாட்டு நேரத்தில் யாராவது விளையாட்டுக்குச் சொன்னாலும் கவளம் பாதி வழியில் நின்றது.

சாம்பல் தட்டுகிற ஆளும் டியூப் மாஸ்டர்தான். தனி ஆள் போடக் கட்டுப்படியாகாத படம்.

அன்று காலை, வலது காதுக்கு மேலிருந்த டியூபின் நூல் அறுந்து கிடந்தது. எலி கடித்திருக்கும். படப்பிடிப்பு நடந்த பழைய கிடங்கு முழுக்க எலிகளின் ஆட்சிதான்.

"ஒண்ணு ஆடலேன்னா குடியா முழுகிடும்? மாட்டுய்யா," என்றார் டைரக்டர்.

வழக்கம்போலச் சுவரைப் பார்த்தபடியே தங்கையின் தலையில் ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்கடியில் வாரைப் பூட்டினார் மாஸ்டர்.

தகரக் கூரைக்குக் கீழே உச்சி வெயிலும் விளக்குச் சூடும் சேர்ந்து காய்ச்சின. கேமரா ஓடியது.

"அட, வலது காதுப் பக்கம் ஒண்ணு பிரமாதமா நெளியுதேய்யா!" என்றார் டைரக்டர்.

"எல்லாம் கைப்பழக்கம் சார்," என்றது பரண்.

மாஸ்டரும் சிரிக்கப் போனார். பாதிச் சிரிப்பு உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது. வலது காதுப் பக்கம் நூலே இல்லையே!

செய்து முடித்ததற்குப் பிறகு முதல் தடவையாக அந்த ஹெல்மெட்டை நேராகப் பார்த்தார். டியூபின் வாய்க்குள்ளிருந்து விரல் தடிமனில் இன்னொரு தலை நீண்டிருந்தது. பெயின்ட் அடிக்காத தலை. அது நாக்கை நீட்டித் தங்கையின் கன்னத்தை மோப்பம் பிடித்தது.

நூல் உரசுகிறது என்று நினைத்தாளோ என்னவோ, தட்டிவிட அவள் கை எழுந்தது.

பாம்பு என்று கத்தினால் துள்ளுவாள். அசையாதே என்றால் ஏன் என்று திரும்புவாள். பிறந்ததிலிருந்து அண்ணன் பேச்சை அவள் கேட்டதே இல்லை.

"கல்லு!" என்று அலறினார் மாஸ்டர்.

கை அந்தரத்தில் நின்றது. வீரர்கள் நின்றார்கள். கேமரா நின்றது. டைரக்டர்கூடத் திறந்த வாயோடு நின்றார். அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. இந்த இடத்தில் இப்போது அசையக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

கால் என்னவோ வாசல் பக்கம்தான் போகப் பார்த்தது. அதை மனசுக்குள் திட்டித் திருப்பி, சாம்பல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

"என்னண்ணா?" உதடு அசையாமல் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சாம்பல்." குரல் யாருடையதோ போல வந்தது.

வாரின் கொக்கி வியர்வையில் வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. நாக்கு இப்போது அவருடைய கட்டைவிரலைத் தொட்டுப் பார்த்தது. பூனைமுடி பட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். முகத்தைத் திருப்பாமல் மறுபடி இழுத்தார். கொக்கி விட்டது.

ஹெல்மெட்டை நிறைகுடம் போலத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கிப் பின்புறமாகவே நடந்தார். பதினொரு நூலும் விறைத்தன. பதினொரு ரப்பர் பாம்பும் வாயைப் பிளந்து நிமிர்ந்தன. பன்னிரண்டாவது மட்டும் நிதானமாக அவர் மணிக்கட்டைப் பார்த்தது. நூல்காரரின் விரல்களிலிருந்து நூல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

வெளியே வெயிலில் வைத்தார். பாம்பு இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புல்லுக்குள் போயிற்று.

திரும்பிப் பார்த்தார். உள்ளே ஒருவரும் அசையவில்லை. தங்கை தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்தது. பார்த்துவிட்டிருக்கிறாள்.

"அண்ணா, போயிருச்சா?"

தலையாட்டப் பார்த்தார். ஆடவில்லை.

"அப்போ உசுரு சொல்லுண்ணா. கை வலிக்குது."

மாஸ்டர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தார்.

அண்ணன் சொல்லட்டும் என்று, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அவள் காத்துக்கொண்டு நின்றாள்.