இடப்பக்கச் சுவிட்ச்

"மெசின் திறம், தங்கச்சி. சுவிட்சை ஏன் இடக்கைப் பக்கம் வைச்சிருக்கிறியள்? உதை, கண்ணாடிக்குள்ளை நிக்கிறவனுக்கோ செய்தனீங்கள்?"

பண்டத்தரிப்பில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் பரமலிங்கம் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். தக்சாயினியும் சிரித்துவைத்தாள்.

"நாளைக்கு வருவன். ஒண்டையெண்டாலும் வலப்பக்கம் மாத்தி வைச்சால் மூண்டு மெசினும் எடுக்கிறன். இல்லாட்டி இந்தியா மெசின்தான்."

பொங்கலுக்குப் பிறகு வந்த முதல் ஓடர் அது. சண்டிலிப்பாயில் மெசின் செய்யும் அவளுடைய வீட்டுப் பட்டறையில் வேலைக்கு இப்போது ஒருவருமில்லை. அவளும் அவளைப் பெற்ற ஐயா சோமசேகரமும்தான். இதுவும் தவறினால் கதவைச் சாத்தவேண்டியதுதான்.

மரம் சீவும் மெசின்களை ஐயா செய்யத் தொடங்கிய காலத்தில் சுவிட்ச் எல்லோரையும்போல வலப்பக்கம்தான் இருந்தது. அண்ணை குகதாசன் இடக்கையன். அவன் வளர்ந்து, செய்து முடித்த மெசின்களை ஓட்டிப்பார்க்கத் தொடங்கியபோது ஐயா அதை இடப்பக்கம் மாற்றினார். அவன் ஒரு வேப்பம் பலகையைச் சீவிக் கொடுக்க, ஐயா தடவிப் பார்த்துத் தலையாட்டினால்தான் மெசின் வாசற்படலை தாண்டும். வன்னிக்குப் போன அண்ணை சண்டை முடிந்தும் திரும்பவில்லை. ஐயா சுவிட்சை மாற்றவுமில்லை. வாங்கியவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் மாற்றிக்கொண்டார்கள். அது ஊருக்குத் தெரியும். ஐயாவுக்கு மட்டும் தெரியாது.

"ஐயா, ஒருக்கா மாத்திப் பாப்பமே?" என்று அன்றிரவு சோறு போடும்போது கேட்டாள்.

"அவன் வந்தால் எதிலை கை வைப்பான்?" என்றார் அவர்.

அடுத்த நாள் அவர் கோயிலுக்குப் போன நேரம் அவள் முதல் மெசினின் வலப்பக்கத்தில் துளையிட்டாள். இடப்பக்கத் துளையைத் தகடு வைத்து ஒட்டி, அராவி, பச்சைப் பெயின்ற் அடித்தாள். அண்ணையின் கண்ணை மூடிவிட்டதைப்போல இருந்தது.

ஐயா திருநீற்றோடு வந்தார். வழக்கம்போல வேப்பம் பலகையை எடுத்து மெசினில் வைத்தார். அண்ணை போனபின் அவரும் சுவிட்சை இடக்கையால்தான் போடுவார். கை பழைய இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. விரல்களை விரித்து உள்ளங்கையை அழுத்தி, சுவரில் வழி தேடுகிறவர்போல அப்படியே நின்றார்.

"பிள்ளை, அவன் தேடுவானெல்லே?"

அவர் கையை எடுத்து, ஒட்டிய பச்சையை வேட்டியில் துடைக்காமல், கிணற்றடிக்கு நடந்தார்.

பரமலிங்கத்தின் லாண்ட்மாஸ்ரர் வண்டி படலையடியில் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. மெசினின் காயாத பச்சையில் ஓர் இடக்கை, ஐந்து விரலும் பதிந்து கிடந்தது. தக்சாயினி பெயின்ற் பிறஷைத் தோய்த்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள்.