நடுச்சுவர் இல்லாத வீடு

இடம்பெயர்ந்தவர்களுக்கான கண்காட்சி அது. வருகிறவர்கள் கருந்தரையில் குனிந்து, தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து சாக்கட்டியால் வரைய வேண்டும். மற்றவர்கள் வாசல் வழியாக மட்டுமே அதற்குள் நுழையலாம். அரங்கு மூடியதும் எல்லா வீடுகளையும் ஈர மாப்பால் துடைப்பது அவளுடைய வேலை.

ஆறு நாள் கை கூசாமல் துடைத்தாள். ஏழாம் நாள் தூணருகே மாப்பு அப்படியே நின்றுவிட்டது.

கொத்தனார் நூல் பிடிக்க மறந்ததால் கோணிப்போன சமையலறை. திறந்தால் மாடிப்படியில் இடிக்கும் குளியலறைக் கதவு. இப்படி இரண்டு வீடு உலகத்தில் இருக்க வழியில்லை. அவளும் தம்பியும் பிறந்து வளர்ந்த வீடு. அப்பா போனபின் பாகம் பிரிக்க அவள் பிடித்த பிடிவாதத்தால் கூடத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. அதன் ஈரம் காயுமுன்னே தம்பி கிளம்பிப் போனான். பதினோரு வருடமாக ஒரு தகவலும் இல்லை. பிறகு அவளும்தான் அந்த வீட்டை விட்டு வந்தாள்.

இங்கே, தரையில், கூடம் ஒரே கூடமாக இருந்தது.

டிக்கெட் கொடுப்பவரிடம் ஓடினாள். "அண்ணே, தூண்கிட்ட வரைஞ்சது யாரு?"

"நானூறு பேர் வந்தாங்கம்மா. எல்லாரும் குனிஞ்சு வரையறாங்க, நான் முதுகைத்தான் பார்த்தேன்."

"நெட்டையா, காது விடைச்சுக்கிட்டு..."

"காதைப் பார்த்தா டிக்கெட் கிழிக்கிறேன்?"

கண்காட்சியை அமைத்த ஓவியரம்மாவிடம் போனாள். "இதை மட்டும் விட்டுடலாமா மேடம்? இது எங்க வீடு. என் தம்பி வரைஞ்சது."

"ஒண்ணை விட்டா எல்லாத்தையும் விடணும்மா. ஆனா சில பேர் மறுநாளும் வந்து, அழிஞ்ச இடத்தைத் தேடுவாங்க. நாளைக்குப் பகல்லயே வாங்க. நீங்களே வரைங்க."

அவள் வாசல் வழியாக நுழைந்து, அறை அறையாகத் துடைத்தாள். கூடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அதே இடத்தில் மண்டியிட்டாள். சமையலறை, குளியலறை, படி எல்லாம் தாமாக வந்தன. கூடத்துக்கு வந்ததும் கை தயங்கியது. சுவரை வரையாமல் விட்டால், தன் படத்தைத்தான் அழிக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணித் தம்பி போய்விடுவான். சுவர் இருந்தால்தான் வரைந்தது அக்கா என்று தெரியும்.

சுவரை வரைந்தாள். நடுவில், நிஜத்தில் ஒருபோதும் இருந்திராத ஒரு வாசலை விட்டாள். நெட்டையான ஒருவன் பக்கவாட்டில் திரும்பாமல் நுழையுமளவு அகலமாக.

பத்து மணிக்கு அரங்கைத் திறந்தார்கள். முதல் ஆள் உள்ளே வந்தார். அவள் அவருடைய காதைப் பார்த்தாள்.