சிவப்புக் கையுறை

கிசொப் மணியைப் பார்த்தான். பதினொன்று இருபது. மூன்று நிமிடத்துக்கு முன்புதான் பார்த்திருந்தான்.

கடல் வெகுதூரம் வற்றிப் போயிருந்தது. கரையிலிருந்து முக்கால் மைல் தூரத்துக்கு வெறும் சாம்பல் நிறச் சேறு. அதற்கும் அப்பால் வெள்ளிக் கோடு போலக் கடல்நீர். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அட்டவணையில் பதினொன்று ஐம்பதுக்கு முழு வற்றம் என்று போட்டிருந்தது. அதற்குப் பிறகுதானே தண்ணீர் திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டான். ஒரு மணி வரைக்கும் பயமில்லை. இருந்தாலும் அவன் கண் அந்த வெள்ளிக் கோட்டை விட்டு அகலவில்லை.

பிள்ளைகள் இருவரையும் அவன் மட்டும் கூட்டி வந்தது இதுவே முதல் தடவை. முன்பெல்லாம் வசந்தகாலத்தில் அவன் மனைவி சுன்யங்தான் கூட்டி வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கோ நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருப்பான். அவள் இறந்து பத்து மாதமாகிறது. பத்து மாதமும் ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் வீட்டுக்குள்ளேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் ஒன்பது வயது நாரே சொன்னாள், "அப்பா, மட்டி பிடிக்கப் போலாமா? காசெல்லாம் ஆகாது. உப்பு இருந்தாப் போதும்."

ஒரு பை கல்லுப்பு, ஒரு வாளி, கடற்பாசித் தாளில் சோறு சுற்றிய கிம்பாப் நாலு சுருள். கூடவே நாரே ஒரு துடைப்பக் கம்பையும் கிம்ச்சி ஊறுகாய் பிசைய அம்மா போட்டுக்கொள்ளும் சிவப்பு ரப்பர் கையுறைகளையும் எடுத்துக்கொண்டாள்.

"கம்பு எதுக்கு?"

"அது வெளையாட்டுக்கு."

வழியில் சேற்றை அறுத்துக்கொண்டு ஓர் ஓடைப் பள்ளம் குறுக்கே கிடந்தது. தண்ணீரில்லை, இறங்கி ஏறினார்கள். அதன் நடுவில் நாரே கம்பை நட்டு, ஒரு கையுறையை விரல்கள் தரையைத் தொடும்படி கட்டித் தொங்கவிட்டாள். "கை நனையறத யாரு மொதல்ல பாக்குறாங்களோ அவங்களுக்குத்தான் மொத மட்டி," என்றாள். சரி, ஏதோ விளையாட்டு என்று கிசொப் நினைத்துக்கொண்டான்.

சேற்றில் எட்டு வடிவத்தில் குட்டித் துளை தெரிந்தால் அதற்குள் மட்டி இருக்கிறது என்று பொருள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் சற்று நேரத்தில் விரல் போல நீண்ட மட்டி எட்டிப் பார்க்கும். அவசரப்பட்டு இழுத்தால் பாதியில் அறுந்துவிடும்.

"வந்துடுச்சு, வந்துடுச்சு," என்று ஐந்து வயது ஹான் கிசுகிசுத்தான்.

"மூச்சு விடாத. அதுக்கு வெக்கம்," என்றாள் நாரே.

பிள்ளைகள் சிரித்தார்கள். கிசொப்பும் சிரித்துவிட்டு, உடனே நிமிர்ந்து கடலைப் பார்த்தான். ஹான் எங்கே, நாரே எங்கே, சேறு அதிகம் இழுக்கிறதா, வானம் கறுக்கிறதா. பத்து மாதமாக அவனுக்கு இதே வேலை. ஹான் இருமினால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

சற்று நேரத்தில் ஹானின் விரலைச் சிப்பி கீறியது. சிறு கீறல்தான், கிசொப் ரத்தத்தைத் துடைத்துவிட்டான். சீழ் பிடித்தால்? இன்னொரு கையுறை நாரேயின் கையில் இருந்தது. அவளைத் தொந்தரவு செய்யாமல் திரும்பி நடந்து, கம்பில் தொங்கியதைக் கழற்றி வந்து ஹானுக்கு மாட்டிவிட்டான். முழங்கை வரைக்கும் வந்தது.

"நான் நண்டு," என்றான் ஹான்.

வாளி பாதி நிறைந்தது. மணி பன்னிரண்டரை தாண்டியது. வெள்ளிக் கோடு இன்னும் தூரத்திலேயே இருந்தது. கிசொப்புக்கு முதல் முறையாக நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது.

அப்போது நாரே நிமிர்ந்தாள். தம்பியின் கையையே பார்த்தாள்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"அப்பா குடுத்தாரு."

அவள் திரும்பிக் கரைப் பக்கம் பார்த்தாள்.  கிசொப்பும் பார்த்தான். அவர்களுக்கும் கரைக்கும் நடுவில் பள்ளம் இருந்த இடம் வளைந்து வளைந்து மின்னியது. கடல் முன்னாலிருந்து வரவில்லை. ஓடை வழியாகச் சத்தமில்லாமல் அவன் முதுகுக்குப் பின்னால் வந்திருந்தது.

ஹானைத் தோளில் தூக்கிக்கொண்டு, நாரேயின் மணிக்கட்டைப் பிடித்து நடந்தான். ஓட முடியவில்லை. நேராகக் கரையை நோக்கி இறங்கப் போனவனை அவள் பின்னுக்கு இழுத்தாள்.

"அங்க வேணாம்ப்பா. அங்க சேறு ஆழம். கம்பு நிக்கற எடத்துலதான் அடியில சிப்பி கெட்டியா இருக்கும். அங்கதான் தாண்டணும்."

"யாரு சொன்னா?"

"அம்மா."

கம்பின் மேல் பாதிதான் வெளியே தெரிந்தது. அதை நோக்கிப் போகும்போதே அவன் வலது கால் முழங்கால் வரை புதைந்தது. இழுத்தான், இன்னும் புதைந்தது.  இரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு ஆள் என்று திரும்பத் திரும்ப ஓடியது மனம்.

"இழுக்காதீங்க. குதிகால மட்டும் ஆட்டுங்க. பூட்ஸ விட்டுடுங்க," என்றாள் நாரே. குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "மெதுவா. மட்டி மாதிரி."

பூட்ஸ் சேற்றோடு போனது. கால் வந்தது.

கம்பருகே தண்ணீர் அவன் இடுப்பையும் நாரேயின் மார்பையும் தொட்டது. நீரோட்டம் அவளைப் பக்கவாட்டில் தள்ளியது. காலடியில் சிப்பிகள் வெறுங்காலைக் கிழித்தன. அந்த வலி அவனுக்குத் தைரியம் தந்தது, தரை இருக்கிறது. நாரே ஒரு கையால் அவன் பெல்ட்டையும் மறு கையால் வாளியையும் பிடித்திருந்தாள். வாளியை விடு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அக்கரையில் மட்டி மூட்டையைப் பலகையில் வைத்து இழுத்து வந்த ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றை அவிழ்த்து வீசத் தயாராகக் கையில் வைத்திருந்தாள். அவர்கள் ஏறியதும் அதைச் சுருட்டினாள்.

"ஏம்ப்பா, கடல் என்ன உன் லாரியா, கண்ணாடி வழியா முன்னாலயே பாத்துட்டிருக்க? இது பின்னால வர்ற கடல். ஊர்ல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"நான் லாரி ஓட்றது உங்களுக்கு எப்படி..."

"இந்தப் பொண்ணோட அம்மா சொல்லிருக்கா. எங்க அவ?"

இல்லை என்று நாரே தலையை ஆட்டினாள். அந்தப் பெண் புரிந்துகொண்டாள். மூட்டையிலிருந்து ஒரு கை மட்டியை அள்ளி நாரேயின் வாளியில் போட்டுவிட்டுப் பலகையை இழுத்துக்கொண்டு போனாள்.

மணலில் உட்கார்ந்தார்கள். ஹான் கையுறையைக் கழற்றி உள்ளே ஒட்டியிருந்த சேற்றை உதறினான். "மொதல்ல பாத்தது யாரு, அக்கா? எனக்குத்தானே மொத மட்டி?"

"யாருக்கும் இல்ல. கையே இல்லாம எதப் பாக்குறது."

கிசொப் கீறல் விழுந்த தன் வெறுங்காலைப் பார்த்தான். "நான்தான் கழட்டினேன். தண்ணி வர்றதச் சொல்ற கை அதுன்னு எனக்குத் தெரியல, நாரே."

"அடுத்த தடவ நீங்க அதத் தொடக்கூடாது."

"தொட மாட்டேன்."

கம்பின் நுனியும் நீருக்குள் போய்விட்டது. அவன் கேட்டான், "அம்மா வேற என்னென்ன வெளையாட்டு சொல்லிக் குடுத்தா?"

அவள் யோசித்தாள். "நெறைய இருக்கு. ரோடு தாண்டற வெளையாட்டு ஒண்ணு. அடுப்பு அணைக்கற வெளையாட்டு ஒண்ணு. கூட்டத்துல தொலைஞ்சா வெளையாடறது ஒண்ணு."

"மொதல்லேருந்து சொல்லு," என்றான் கிசொப்.