பொதுச்சுவரில் ஒரு கதவு

அஸ்வதி மேடத்தின் அலுவலகத்தில் என் வேலை பட்டியல் போடுவது. வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிரே, மாடியில் இரண்டு அறை. கடன் கட்டாத வீட்டை வங்கி எடுக்கும்போது கோர்ட் ஒரு வக்கீலை கமிஷனராக நியமிக்கும். அவர் போய் ஆட்களை வெளியேற்றி, வீட்டைப் பூட்டி, சாவியை வங்கியிடம் கொடுக்க வேண்டும். மேடம் அப்படிப் போகிறவர். நான் கூடப் போய், உள்ளே இருக்கும் சாமான்களை எழுதுவேன். திரும்பி வந்து செலவை எழுதுவேன். அந்தச் செலவு வீட்டுக்காரரின் கடனோடு சேரும். பலருக்கு இது தெரியாது. வேலைக்குச் சேரும் வரை எனக்கும் தெரியாது.

நான் படித்தது வேதியியல். ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைக்கவில்லை. பேச வேண்டாத வேலை என்பதால் இதற்கு வந்தேன்.

ஜூன் மாதம் ஒரு வங்கி மேடத்திடம் ஒரு கணக்குக் கேட்டது. மாநில எல்லையான களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிளை வைத்திருக்கும் வங்கி. ஒரு வீட்டை எடுக்க எந்த ஊரில் எவ்வளவு ஆகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மேடம் அதை என்னிடம் கொடுத்தார். திருவனந்தபுரம், கொல்லம், நாகர்கோவில், திருநெல்வேலி. நான்கு ஊர், அறுபத்திரண்டு வீடு.

நாகர்கோவிலில் பூட்டு உடைக்க ஐந்நூறு வாங்கியிருந்தார்கள். இங்கே மூவாயிரம். இங்கே சாமான் இறக்கச் சங்கத்துக் கூலி, அங்கே பேசிக்கொள்வதுதான் கூலி. சிவில் வழக்காகப் போன வீடுகள் ஏழெட்டு வருடம் இழுத்திருந்தன. வங்கியே நேரடியாக எடுத்தவை ஒரு வருடத்துக்குள் முடிந்திருந்தன. ஊருக்கு ஊர் வித்தியாசம் இருந்தது. ஆனால் ஒரே ஊருக்குள்ளேயே இரண்டு வீடுகளுக்கு நடுவில் பத்து மடங்கு வித்தியாசமும் இருந்தது. ஊரையும் வழக்கின் வகையையும் கழித்துவிட்டுப் பார்த்தால், மீதி வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். கமிஷனர் போன அன்று உள்ளே ஆள் இருந்தார்களா, தாங்களே சாவி கொடுத்தார்களா என்பது.

இதை ஒரு வரியாக அறிக்கையில் எழுதினேன். மேடம் சந்தோஷப்பட்டார். "கண்டுபிடிச்சுட்டியே லட்சுமி" என்றார். அவருக்கு ஊர் பாறசாலை. தமிழும் மலையாளமும் சேர்ந்து வரும்.

எங்கள் வீட்டுக்கும் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரம் சொல்லியிருக்கலாம். பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கடினமாகிக்கொண்டே வந்தது.

கடன் அண்ணா ஹரிகுமாருடையது. விழிஞ்ஞத்தில் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போட இரண்டு டிப்பர் லாரி வாங்கினான். அப்பா வீட்டை ஈடு வைத்தார். கல் வேலை முடிந்தது. டிப்பர் போயிற்று. அண்ணா தோஹாவில் இருக்கிறான். மாதம் ஒரு முறை அப்பாவுக்கு வாட்ஸாப்பில் குட் மார்னிங் அனுப்புவான். அம்மா இதற்கெல்லாம் முன்பே போய்விட்டாள்.

ஆடி அமாவாசை அன்று காலை மேடம் ஆட்டோவில் ஏறியதும், "கரமனைக்குப் போ" என்றார். புது உத்தரவை என் மடியில் வைத்தார். மேலே அண்ணாவின் பெயர் இருந்தது. ஈடு கொடுத்தவர் கல்யாணராமன், என் அப்பா.

பாலம் வருவதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பாலம் வந்தது. ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பியது. நோட்டீஸ் ஒட்டக் கொண்டுவந்த பசை டப்பாவின் மூடி கையில் கழன்று வந்துவிட்டது.

அப்பா வீட்டில் இருந்தார். சாலை பஜாரில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர். அமாவாசை என்றால் தர்ப்பணம் முடித்துத் தாமதமாகத்தான் கடைக்குப் போவார். கதவைத் திறந்தார். மேடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த பசை டப்பாவைப் பார்த்தார்.

"வாங்கோ. எங்க ஒப்பு போடணும்?" என்று மேடத்திடம் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வேலை போய்விடக் கூடாது என்று நினைத்திருப்பார். நான் என் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டினேன். வரும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுவாதீனம் எடுக்கப்படும்.

"குடிக்க ஜலம் வேணுமா, மோளுக்கும்?" என்று அப்பா மேடத்திடம் கேட்டார். மோள் என்று மலையாளத்தில், யார் வீட்டுப் பெண்ணையோ சொல்வது போல.

"வேண்டாம்" என்றேன்.

மேடம் உள்ளே சுற்றிப் பார்த்தார். கூடத்தில் வலது பக்கச் சுவரில் இருந்த கதவைத் தள்ளினார். அது திறந்து, அடுத்த வீட்டுக் கூடத்தில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த சொர்ணம்மாள் மாமி தெரிந்தாள்.

எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி நிற்கும். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். கல்யாணம், சிராத்தம் என்றால் பந்தி ஒரு கூடத்தில் கொள்ளாது. அதற்காகச் சில வீடுகளின் பொதுச்சுவரில் கதவு வைத்திருப்பார்கள். திறந்துவிட்டால் இரண்டு கூடம் ஒன்றாகும். மற்ற நாளில் பூட்டி வைப்பது வழக்கம். நாங்கள் பூட்டுவதில்லை. மாமி வீட்டுப் பின்வாசல் பஸ் நிறுத்தத்துக்குக் குறுக்கு வழி. அப்பா தினமும் அந்த வழியாகத்தான் வருவார். செருப்பை மாமியின் பின்கட்டிலேயே விடுவார்.

"ஏண்டி லட்சு..." என்று ஆரம்பித்த மாமி, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மேடம் என்னைப் பார்த்து, "இந்தக் கதவைக் குறிச்சுக்கோ" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது சொன்னார். "ஆளு பாவம், நல்ல மனுஷனாக்கும். ஆனா அந்தக் கதவு செலவு வெக்கும். முன்னாடி பூட்டினா அந்தக் கதவு வழி கூடி வருவார். சர்வேயரை வெச்சு அளக்கணும். அந்த அம்மாவுக்கும் நோட்டீஸ். ரெண்டாம் தடவை வந்து சுவர் கெட்டி அடைக்கணும். ஒரு எஸ்டிமேட் போடு."

போட்டேன். சர்வேயர் பன்னிரண்டாயிரம். இரண்டாம் முறை வரும் படி பத்து. கொத்தனாரும் சாமானும் ஒப்பந்தக்காரர் விலையில் முப்பத்தெட்டு. போலீஸ் காவல் முப்பத்து நான்கு. பூட்டு மூன்று. சாமான்களை ஏற்றிக் கிடங்கில் வைக்க நாற்பத்தைந்து. மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம். எப்படியும் ஆகிற கமிஷன் செலவு பதினெட்டாயிரம் தனி. அப்பாவே சாவி கொடுத்தால் அது மட்டும்தான்.

வீடு ஏலம் போனால் கடன் போக ஒன்றே முக்கால் லட்சம் மிஞ்சும் என்று வங்கிக்காரர் முன்பே சொல்லியிருந்தார். நேமத்தில் நான் பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் ஒரு லட்சம்; ஏலப் பணம் வந்ததும் தந்தால் போதும் என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். எஸ்டிமேட்டில் கீழே ஒரு கோடு போட்டு, கூட்டி, கழித்தேன். அட்வான்ஸுக்கு மிஞ்சியது பதினைந்தாயிரம். இரண்டு முறை கழித்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா காலையில் நடந்ததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாதம் பிசைந்துகொண்டே, "முன்னால பூட்டட்டும். நான் மாமி வழியா வருவேன்" என்றார்.

"அப்பா, அந்தக் கதவுக்கு..."

"மாமிக்கு வழி உரிமை உண்டு. அவ ஒரு பெட்டிஷன் குடுத்தா ஆறு மாசம் நீளும். அதுக்குள்ள ஹரி அனுப்புவான். கடைல சேட்டன்மார்கிட்டயும் கேட்டுண்டுதான் சொல்றேன்."

"அந்த ஆறு மாசச் செலவும் நம்ம கணக்குலதான் ஏறும்."

"யார் சொன்னா?"

"நான்தானே எழுதறேன்."

அப்பா நிமிர்ந்தார். முப்பது வருடம் கணக்கு எழுதியவர். புரிந்திருக்கும். ஆனாலும், "நீ பேசாம இரு கேட்டயா" என்றார். மோர் விட்டுக்கொண்டார். அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பேச முயன்றேன். நோட்டில் எழுதியும் காட்டினேன். அவர் நோட்டை மூடி, மேலே கண்ணாடிக் கூட்டை வைத்தார். நான் குரல் உயர்த்தத் தெரியாதவள். உயர்த்தியிருந்தாலும் அந்த வீட்டில் அது மாமி வரைக்கும்தான் போயிருக்கும்.

வியாழக்கிழமை லீவு கேட்டேன். வெள்ளிக்கும் சேர்த்து. "நாளைக்கு கரமனை உண்டல்லோ" என்றார் மேடம். "வயிறு வலி" என்றேன். கொடுத்தார்.

அப்பா கடைக்குப் போனதும் பாலத்தடிக்குப் போனேன். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம். தென்காசிப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் பிச்சைக்கனி. வாசல் அளவைச் சொன்னேன்.

"செங்கல்லு, சிமெண்டு, மணலு, எங்கூலி எல்லாம் சேத்து அஞ்சு."

"நாலு."

"பாப்பா பேசவே கூச்சப்படுது, வெலைய மட்டும் கொறைக்குது. நாலரை. ரெண்டு பக்கமும் பூச முடியாது."

மாமியிடம் சொல்லத்தான் எனக்குக் கால் வரவில்லை. வாசலிலேயே நின்றேன். அவளே, "உள்ள வாயேண்டி" என்றாள். சொன்னேன். முறுக்குத் தட்டைக் கீழே வைத்தாள்.

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு நூத்தியிருபது இலை விழுந்த எடம்டி இது. உங்கம்மா அந்த நிலைப்படிலதான் உக்காந்து வெத்தலை மடிச்சா. அடைக்கறேங்கறயே. உங்கப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"நன்னாருக்கு."

"கதவு இருந்தா உங்க பேருக்கும் நோட்டீஸ் வரும் மாமி. சர்வேயர் வந்து உங்க கூடத்தையும் அளப்பா."

மாமி தன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். அவள் வீட்டுப் பத்திரமும் ஏதோ ஒரு வங்கியில்தான் இருக்கிறது. தெருவில் பாதி வீட்டுப் பத்திரம் அப்படித்தான்.

"எம்பக்கம் பூசிக் குடுக்கச் சொல்லு. கல்லு தெரியப்படாது" என்றாள்.

பிச்சைக்கனி கதவைக் கழற்றி எங்கள் கூடத்தில் சாய்த்துவைத்தார். "வீட்டுக்காரங்க சண்ட போட்டு செவரு வெக்கச் சொல்லுவாங்க. இங்க ரெண்டு பொம்பளைங்களும் அழுதுக்கிட்டே கல்லு எடுத்துக் குடுக்கீங்க" என்றார். நான் அழவில்லை. மாமிதான்.

கல் ஏற ஏற அவள் வீட்டு வெளிச்சம் குறைந்தது. எங்கள் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. பகலில் வெளிச்சம் வந்ததே அந்தக் கதவு வழியாகத்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கடைசி வரிசைக்கு முன்னால் மாமி ஒரு பொட்டலம் முறுக்கை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். மூன்றரைக்கு வேலை முடிந்தது. விளக்கைப் போட்டேன். சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். இனி இந்த வீட்டுக்கு ஒரு வாசல்தான்.

ஆறரை மணிக்கு மாமி வீட்டில் அப்பாவின் இருமல் கேட்டது. பின்கட்டில் செருப்பை விடும் சத்தம். பிறகு காலடி. பிறகு ஒன்றுமில்லை. அவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் இந்தப் பக்கம் எழுந்து நின்றேன். மாமி ஏதோ சொன்னாள். வார்த்தை தெரியவில்லை. சுவர் நன்றாகத்தான் அடைத்திருந்தது.

பத்து நிமிடம் கழித்து முன்வாசல் வழியாக வந்தார். தெரு முழுக்கச் சுற்றி வர வேண்டும். வெறும் கால். பாதத்தில் தார் ஒட்டியிருந்தது. சுவரையும் சாய்த்து வைத்திருந்த கதவையும் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எவ்வளவு ஆச்சு?"

"நாலாயிரத்தி ஐந்நூறு."

"கோர்ட் போட்டா?"

"முப்பத்தெட்டு. அது சுவருக்கு மட்டும்."

விரலால் கலவையைத் தொட்டுப் பார்த்தார். "ஜலம் தெளிச்சயோ? நனைக்காட்டா வெடிக்கும்" என்றார். குளியலறையிலிருந்து வாளியை எடுத்து வந்து, கையால் அள்ளி, மேலிருந்து கீழ்வரை தெளித்தார். மறுநாள் எங்களுடையதாக இருக்கப் போகாத சுவர். படுக்கப் போகும் முன் இன்னொரு முறை தெளித்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அஸ்வதி மேடம் வந்தார். இரண்டு போலீஸ்காரர்கள், வங்கி ஆள், பூட்டு உடைப்பவர். கதவு திறந்திருந்தது. சாமான்கள் விடியற்காலையிலேயே நேமத்துக்குப் போய்விட்டன. அப்பாவும் நானும் கூடத்தில் நின்றோம்.

மேடம் என்னைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். இன்னும் ஈரமாக இருந்த சுவரைப் பார்த்தார். போலீஸ்காரர்களிடம், "நிங்ஙள் போயிக்கோ" என்றார். பூட்டுக்காரரையும் அனுப்பினார்.

"என்கிட்ட பறைஞ்சிருக்கலாமே மோளே" என்றார்.

அவர் பைலைத் திறந்து, படிவத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். கொடுமையாகச் செய்யவில்லை. எழுத வேறு யாரும் வந்திருக்கவில்லை, அவ்வளவுதான். வாங்கிக்கொண்டேன். சாமான், இல்லை. உள்ளே ஆள், இல்லை. வேறு வாசல், இல்லை. சர்வேயர், கொத்தனார், காவல், பூட்டு எல்லாவற்றுக்கும் கோடு போட்டேன். மொத்தம் பதினெட்டாயிரம்.

அப்பா தோளுக்கு மேலாகப் படித்தார். "நாலாயிரத்தி ஐந்நூறு விட்டுப்போச்சே" என்றார்.

"அது நம்ம செலவு அப்பா."

அவர் சாவியைக் கொடுத்தார். ஒப்புப் போட்டார். வங்கி ஆள் பூட்டி அரக்கு வைத்தார். அப்பா படியில் நின்று காலைப் பார்த்தார். செருப்பு மாமியின் பின்கட்டில் இருந்தது. பழக்கத்தில் பூட்டிய கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு தெருவில் இறங்கி, வெறும் காலோடு, சுற்றி நடந்தார்.